ஒரு பக்கமாகச் சாய்ந்த மயிலாப்பூர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை மயிலாப்பூர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எந்தச் செய்தியிலும் வரவில்லை. கவனித்த ஒரே ஆள் நான்தான்.

தப்பு ஊரில் இல்லை, என் காலில் இருந்தது என்பது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் ரோடு போட்ட கான்ட்ராக்டரை ஏழு தலைமுறைக்கும் திட்டி முடித்திருந்தேன். அது போகட்டும், அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரமும் என்னால் ஒரு பெண் வேலைக்குக் கிளம்ப முடியாமல் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அதை எப்படிப் போகட்டும் என்று விடுவது?

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மல்லிகா ஊரிலிருந்து வந்திருந்தாள். காலேஜ் ஹாஸ்டலில் என் ரூம்மேட். இப்போது திருநெல்வேலியில் இருக்கிறாள். சென்னைக்கு வந்தால் தி.நகரில் புடவை, மாம்பலத்தில் ரயில் என்று ஓடிவிடுவது வழக்கம். இந்த முறை நான் விடவில்லை. “ஒரே ஒரு நாள் என்கூட நட. ரெண்டாயிரம் வருஷத்து ஊரைக் காட்டறேன்” என்று பிடித்து வைத்துக்கொண்டேன்.

மயிலாப்பூர் என்றால் கோயில், காபி, கச்சேரி என்று முடித்துவிடுகிறோம். அது ஒரு கடற்கரைப் பட்டினம் என்பதே மறந்துபோய்விட்டது. கப்பல்கள் வந்து போன ஊர். போர்த்துகீசியர்கள் வந்து இறங்கி, போக மனமில்லாமல் உட்கார்ந்துவிட்ட ஊர். குளத்தங்கரையிலிருந்து கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் கடல்... இதையெல்லாம் காரில் போனால் உணர முடியாது, நடந்தால்தான் பிடிபடும் என்பது என் கட்சி.

நடப்பதற்குத் தோதாகப் புதுச் செருப்பும் வாங்கியிருந்தேன். ஆசைக்கு வாங்கியதில்லை. என் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கி, இனிமேல் எம்.சி.ஆர். செருப்புதான் என்று சொல்லிவிட்டார். பாதத்துக்கு மெத்தென்று இருக்கும் கறுப்பு ரப்பர் செருப்பு. சென்னையில் ஐம்பதைத் தாண்டியவர்களில் யார் காலைப் பார்த்தாலும் இதுதான் இருப்பது போல எனக்குத் தோன்றும். கோயில் வாசலில் வரிசையாகக் கிடக்கும்போது யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே ஜாடை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.

தரிசனம் முடித்து வெளியே வந்தபோது மணி ஏழரை. செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் டோக்கனை நீட்டினேன். அவர் ஒரு ஜோடியை எடுத்துக் கீழே போட்டார்.

“இது இல்லீங்க. அதோ மேல் தட்டுல இருக்கே, அதுதான் என்னோடது.”

“டோக்கன் பாத்துதான் குட்க்கறேன். அது வேற ஆளுதும்மா.”

“என் செருப்பு எனக்குத் தெரியாதா? வாங்கி ஒரு வாரம்கூட ஆகலை. எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க. நீங்கதான் மாத்தி வெச்சிருக்கீங்க.”

பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் கேட்டதையே எடுத்துப் போட்டார். “இன்னாமோ போ. நான் சொல்லிட்டேன்.”

நாற்பது வருடமாக மயிலாப்பூருக்கு வந்து போகிற என்னிடம் டோக்கன் கணக்கா? வெற்றி வீராங்கனையாக மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கச்சேரி ரோட்டில் திரும்பியதுமே சந்தேகம் வந்துவிட்டது. ரோடு வலது பக்கமாகச் சரிந்திருந்தது. “பாரு மல்லிகா, தோண்டித் தோண்டி மூடினா இப்படித்தான். ஒரு பக்கம் இறங்கிடுச்சு.”

மல்லிகா குனிந்து பார்த்தாள். “நேராத்தானட்டி இருக்கு.”

“உனக்குத் தெரியாது. தினம் நடக்கறவங்களுக்குத்தான் தெரியும்.”

நான் தினம் நடப்பதில்லை. அந்த ரோட்டில் நடந்து இரண்டு வருடமாவது இருக்கும். இருந்தாலும் சரிவுக்கு ஏற்றாற்போல எதிர்ப் பக்கத்துக்கு மாறினேன். அங்கேயும் வலது பக்கமாகத்தான் சரிந்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரே திசையில் சரிகிற ரோடு எங்காவது உண்டா என்று யோசிக்க வேண்டாமோ? யோசிக்கவில்லை. கான்ட்ராக்டருக்கு இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாக விழுந்தது, அவ்வளவுதான்.

சாந்தோம் தேவாலயத்துக்குள் போனோம். வெள்ளை வெளேரென்ற கோபுரம், உள்ளே வண்ணக் கண்ணாடி வழியாக வெயில், முன் வரிசையில் முழங்காலிட்டிருந்த ஒரு குடும்பம். மல்லிகா மெய்மறந்து நின்றாள். நான் அவள் காதில், “நூறு வருஷத்துக்கு மேலான கட்டிடம், தரை கொஞ்சம் இறங்கியிருக்கு கவனிச்சியா?” என்றேன். அவள் தரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: “ஏட்டி, நீ என்ன நொண்டுதே?”

“நொண்டலை. புதுச் செருப்பு. பழகணும்.”

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கினோம். குப்பத்து ஓரமாக வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் மும்முரம். மல்லிகா ஊரில் ரயிலேறும்போதே மீன் சாப்பாட்டுக்குத் திட்டம் போட்டு வந்தவள், நெத்திலிக் கூடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். விற்கிற பெண்மணி தாழ்வான ஒரு மணையில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணுக்கு நேராக இருந்தவை எங்கள் நான்கு கால்கள்.

“எக்கா, நெத்திலிய அப்பறம் பாரு. மொதல்ல உன் செருப்பப் பாரு” என்றார் என்னிடம்.

“ஏன், என்ன?”

“ஒண்ணு குள்ளமா கீது, ஒண்ணு நெட்டையா கீது. கடைல அப்டியே குட்த்தாங்களா?”

கழற்றி அங்கிருந்த சிமென்ட் கட்டை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் சொன்னது சரி. இடது செருப்பின் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கூடுதலாக ரப்பர் வைத்து ஒட்டியிருந்தது. ஒட்டு தெரியாதபடி ஓரத்தை வழித்து, கறுப்புச் சாயம் தடவி, அத்தனை நேர்த்தி. தரையில் உட்கார்ந்து பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

மல்லிகா மெதுவாகச் சொன்னாள்: “ஒரு கால் குட்டையா இருக்கவங்களுக்குச் செஞ்சது இது.”

டோக்கனைப் பார்த்து அந்த அம்மா சரியாகத்தானே சொன்னார்? அவ்வளவு பேர் முன்னால் அவரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். இந்தச் செருப்புக்காரர் இப்போது எங்கே, எப்படி நின்றுகொண்டிருப்பார்? வெட்கமாக இருந்தது. கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவைத் தேடி ஓடினேன்.

“சுகர வச்சுக்கிட்டு வெறுங்காலோட ஓடுதியே” என்று மல்லிகா பின்னாலேயே வந்தாள்.

“அவங்க மட்டும் என்ன பண்றாங்களாம்?” என்றேன். கோபம் அவள் மேல் இல்லை.

கோயில் வாசலில் எங்களை முதலில் பார்த்தது செருப்பு அம்மாதான். “வந்துட்டாங்க பாரு” என்றார், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம். “கால் வலிச்சா தன்னால திரும்பி வருவாங்கன்னு சொல்லிக்கினு இருந்தேன்ல?”

முப்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாமல் பின் குத்திய புடவை, தோளில் ஹேண்ட்பேக். வனிதா என்று வைத்துக்கொள்வோம். அவள் முன்னால் என் செருப்பு ஜோடியாக, தொடப்படாமல் இருந்தது. நான் நாலைந்து தடவை மன்னிப்புக் கேட்டேன். அவள் செருப்பை வாங்கினாள். இடதைத் திருப்பி ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பார்த்தாள். கர்ச்சீப்பால் மணலைத் துடைத்தாள். வெறுங்காலில் எழுந்தபோது இடது தோள் தணிந்திருந்தது. போட்டுக்கொண்டதும் ஸ்கேல் வைத்தது போல நேரானாள்.

“ஒன்பதரைக்கு நான் தி.நகர்ல கடையில நிக்கணும்” என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மணி ஒன்பது பத்து. வந்த ஆட்டோவிலேயே மூன்று பேரும் ஏறினோம்.

ஆட்டோவில் நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். “இன்னிக்கு ஒருநாள் என் செருப்பைப் போட்டுட்டாவது கிளம்பியிருக்கலாமே?” அவள் வெளியே பார்த்துக்கொண்டாள். மல்லிகாதான் காப்பாற்றினாள்.

“ஒனக்கு எந்த ஊரும்மா?”

“வள்ளியூர் பக்கம்.”

“அட, எங்க வீட்டுக்காரரு ஊரு அங்ஙனதான்.”

அவ்வளவுதான். பாதி வழி தாண்டுவதற்குள் இருவரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். என்னிடம் சொல்லாததை மல்லிகாவிடம் சொன்னாள்.

“ஒங்க ஃபிரெண்டு செருப்பப் போட்டா நொண்டிருப்பேன்க்கா. கடையில யாருக்கும் தெரியாது.”

“எம்புட்டு நாளா?”

“ஏழு வருசம். மொத கடையில பாத்துட்டாங்க. கஸ்டமருக்கு ஒரு மாதிரி இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இந்தக் கடையில நாள் பூரா நிக்கணும், ஒடம்புக்கு ஏதும் இருக்கான்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டேன். புதுச் செருப்பு வாங்கினா மொதல்ல மார்க்கெட் பக்கம் ஒரு அண்ணன்ட்ட குடுத்து ஒசரம் வச்சுப்பேன். அதுக்கப்புறந்தான் போடுவேன்.”

“நாள் பூரா நின்னா வலிக்காதா?”

“வலிக்கும். எல்லாருக்குந்தானக்கா வலிக்கும்.”

அதோடு விட்டிருக்கலாம். மல்லிகாவுக்கு வாய் சும்மா இருக்காதே. “இவ பத்திரிகையில எழுதுதா தெரியுமா? வாராவாரம்.”

வனிதாவின் முகம் மாறியது. “நீங்களா? எங்க ஹாஸ்டல்ல வாங்குவோம். எங்க சூப்பர்வைசர்கூடப் படிப்பாரு.” கொஞ்சம் நிறுத்தி, “இத எழுதிருவீங்களா?” என்று கேட்டாள்.

“எழுத மாட்டேன்” என்றேன். அந்த நிமிடத்தில் நிஜமாகத்தான் சொன்னேன்.

கடைக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொன்னாள். இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. இறங்கி இரண்டடி போனவள், திரும்பி வந்து ஆட்டோவுக்குள் குனிந்தாள். “எழுதணும்னா எழுதுங்கக்கா. நானும் படிக்கலாம்ல. ஆனா நான்னு தெரியக் கூடாது.”

போய்விட்டாள். பாதிக் கடைகள் திறக்காத அந்த நேரத்திலேயே தெருவில் கூட்டம். இடித்துக்கொண்டும் வளைந்துகொண்டும் போகிற அத்தனை பேர் நடுவில் அவள் நேராக நடந்து போனாள். மூலையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ரெண்டாயிரம் வருசத்து ஊரக் காட்டுதேன்னு கூட்டிட்டு வந்து, கடைசியில தி.நகர்லதான் கொண்டு விட்டிருக்கே” என்றாள் மல்லிகா. சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

எனக்குக் கோபமாக இருந்தது. யார் மேல்? “கஸ்டமருக்கு ஒரு மாதிரி இருக்கும்.” அந்தக் கஸ்டமர் யார்? வருடத்துக்கு நாலு தடவை தி.நகர் போகிற நான்தானே? ஏசியில் உட்கார்ந்து, அதைக் காட்டு, இதை எடு, மேலே இருப்பதை இறக்கு என்று ஒரு பெண்ணை அரை மணி நேரம் நடக்க வைத்துவிட்டு எதுவும் வாங்காமல் எழுந்து போகிறவள். எனக்கு ஒரு மாதிரி இருக்குமாம். அதற்காக ஒருத்தி ஏழு வருடமாகத் தன் காலை ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் பெயரைச் சொல்லி இப்படியொரு முடிவெடுக்கிறார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

ஒரு விரல் கனம். அதை ஒன்றரை மணி நேரம் சுமந்ததற்கே ரோட்டையும் தேவாலயத்தையும் குறை சொன்னேன். அவள் இதுவரை ஒருவரையும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை தனியாகப் போய்ச் செருப்பு அம்மாவிடம் ஒரு தடவை ஒழுங்காக மன்னிப்புக் கேட்டேன். “சர்தான் போம்மா” என்றார். டோக்கனை வாங்கி, இரண்டு முறை சரிபார்த்து, என் செருப்பை என் கையிலேயே கொடுத்தார்.

கடைசியாக, இதைப் படிக்கிற சூப்பர்வைசர்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக் காலையில் கடைப் பெண்களின் காலைக் குனிந்து பார்க்கிற வேலை வேண்டாம். பெயரை மாற்றிவிட்டேன். ஊரை மாற்றிவிட்டேன், மல்லிகாவின் ஊரையும் சேர்த்து. தெருவும் அந்தத் தெரு இல்லை. துணிக்கடைதான் என்று நான் சத்தியம் செய்யவும் இல்லை.

எந்தக் கால் என்பதைக்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.