மேல்மாடி ஜன்னலில் ஒரு கொள்ளையர் கப்பல்

கப்பலை மேல்மாடி ஜன்னலில்தான் வைப்பேன் என்று மாமா சொல்லிவிட்டார். உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

மாமா, உம்மாவின் அண்ணன். சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்துப் பயணப் பெட்டியும் போர்வையும் விற்றார். ஊருக்குப் போகிற வேலையாட்கள் வந்து வாங்குவார்கள். கடைக்கு மேலே சாமான் அறை. மாமி அவரைப் பிரிந்து, மகனைக் கூட்டிக்கொண்டு தீவின் அந்தக் கோடியில் பாசிர் ரிஸ்ஸுக்குப் போன பிறகு மாமாவுக்கு வீடும் அதுதான்.

அந்த மகன்தான் என் மச்சான். அவனுடைய விளையாட்டுக் கட்டைகள் ஒரு பெட்டி நிறைய அங்கே கிடந்தன. ஒன்றோடு ஒன்று பொருத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள். மாமா யாரையும் தொட விடமாட்டார். நான் உம்மாவோடு கடைக்கு வந்துபோன ஒரு பள்ளி விடுமுறையில் அவரே பெட்டியைத் திறந்தார்.

"வா, கப்பல் கட்டுவோம். கொள்ளைக்காரன் கப்பல்."

மச்சானுக்கு அதென்றால் உயிர். சனிக்கிழமை தோறும் மாமி அவனை நீச்சல் வகுப்புக்கு எங்கள் கடை வழியாகத்தான் பஸ்ஸில் கூட்டிப் போவார். இரண்டு மாடி பஸ். மச்சான் மேல்மாடியில்தான் உட்காருவான். மாமா இதையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். எனக்கு இது பெரியவளான பிறகுதான் தெரிந்தது.

கப்பல் ஜன்னல் அகலத்துக்கு வளர்ந்தது. கட்டை போதாத இடத்தில் அட்டையை ஒட்டினார். பழைய பெட்டியின் உள்துணியைக் கிழித்துக் கறுப்புப் பாய் தைத்தார். கடலுக்கு ஒரு நீலப் போர்வையைப் பிரித்தார்.

"புதுப் போர்வைண்ணே!" என்று உம்மா கத்தினார். "கீழ கண்ணாடியில வச்சாலும் நாலு பேரு நின்னு பாப்பாங்க. மேல வச்சா யாரு, காக்காவா வந்து போர்வை வாங்கும்?"

"மேலயே இருக்கட்டும் லா."

பொம்மைக் கொள்ளையர் எல்லாரையும் ரோட்டைப் பார்க்க நிறுத்தினார். எனக்கு முதுகுதான் தெரிந்தது.

"ஒருத்தனாவது என்னைப் பாக்கட்டுமே மாமா."

யோசித்தார். சமையல்காரனை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"உனக்குச் சோறு போடுவான், போ."

சனிக்கிழமை வந்தால் மாமா சட்டை மாற்றிக்கொண்டு மேலே வந்துவிடுவார். ஜன்னல் பலகைகளை நன்றாகத் திறந்து வைப்பார். பஸ் வரும். போய்விடும். அதன் ஜன்னலில் வெயில் அடிக்கும், உள்ளே யாரும் தெரியமாட்டார்கள். அவர் கீழே இறங்கிப் போர்வை மடிப்பார். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். பாயைப் பெரிதாக்கினார். கொடியை உயர்த்தினார். கப்பல் அழகுக்காகச் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை ரோட்டில் நல்ல நெரிசல். பஸ் எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்றுவிட்டது. மேல்மாடியில் மச்சான்.

"மாமா, மச்சான்!" என்று குதித்தேன்.

அவன் கப்பலைப் பார்த்தான். வாயைப் பிளந்தான். பிறகு மாமாவைப் பார்த்தான். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்து என்னவோ சொன்னான். எங்களுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் மாமியும் திரும்பினார். மச்சானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. மாமா ஜன்னல் கட்டையைப் பிடித்தபடி நின்றார். கைகூட அசைக்கவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்து அசைத்தேன்.

பஸ் நகர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மாமாவின் போன் அடித்தது. பார்த்தார். துடைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"அத்தா! அந்தக் கப்பல் எனக்கா?" அப்பாவைக் கூப்பிடும் மச்சானின் குரல் எனக்கே கேட்டது. "அத்தா? அத்தா, இருக்கீங்களா?"

மாமா வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். ஓடிப் போய் உம்மாவிடம் சுடுதண்ணீர் கேட்டேன்.