திருட்டு முழி

அவருக்குத் தொழில் சோபா தைப்பது. கிழிந்த ரெக்ஸினைப் பிரித்து, அமுங்கிப்போன பஞ்சை எடுத்துப் போட்டுப் புதுசு வைத்து, துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பார். இரண்டு கையும் துணியில் இருக்குமென்பதால் ஆணிகளை வாயில் கவ்விக்கொள்வார். அப்போது தாடை இறுகும், ஒரு கண் சுருங்கும். பல வருஷம் இப்படியே வேலை பார்த்ததில், வாயில் ஆணி இல்லாத நேரத்திலும் முகம் அப்படியே நின்றுவிட்டது. உழைப்பு செய்து கொடுத்த முகம் அது. பார்க்கிறவன் கண்ணுக்கு உழைப்பு எங்கே தெரிகிறது?

ஒரு தொலைக்காட்சி நிலையத்தில், விருந்தினர்களை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கும் சோபா உள்வாங்கிவிட்டதென்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். சோபாவைக் கவிழ்த்துப்போட்டு ஆணியும் வாயுமாக இருந்தவரை, டீ கிளாஸோடு அந்தப் பக்கம் வந்த இயக்குநர் ஒருவர் நின்று பார்த்தார்.

"அண்ணே, அப்படியே இருங்க, அசையாதீங்க. அடடா, என்ன முழி! தேடினாலும் கிடைக்காது இந்த முழி."

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "என்ன சார்?" என்றார்.

"திருடனா நடிக்கிறீங்களா?"

நடந்த குற்றங்களை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி அது. பெயர் 'அகப்பட்டான்'. ஞாயிறு சாயங்காலம் வரும். போலீஸாக நடிக்கிறவர்கள் சிவப்பாக, உயரமாக இருப்பார்கள். பொருளைப் பறிகொடுக்கிறவர்கள் அதைவிடச் சிவப்பாக இருப்பார்கள். திருடனுக்கு வசனமே கிடையாது. பின்னணியில் ஒரு கனத்த குரல், "பூனைபோல் நுழைந்தான், புலிபோல் பாய்ந்தான், எலிபோல் அகப்பட்டான்!" என்று அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடும்.

முதல் நாள் ஒப்பனை போடும் அம்மா அவர் முகத்தில் கரி போன்ற ஒன்றைப் பூசினார்.

"நான் ஏற்கெனவே கறுப்புதானேம்மா?"

"இது வேற கறுப்புண்ணே. திருடன் கறுப்பு."

இயக்குநர் பாடம் நடத்தினார். "தலையைக் குனிஞ்சே வாங்க. யார் கண்ணையும் பார்க்காதீங்க. அடிக்கடி திரும்பிப் பாருங்க. சட்டைப் பையைக் கையால பொத்திக்கிட்டே இருங்க. பார்த்ததும் ஜனங்களுக்குத் தெரியணும், இவன்தான்னு."

ஜனங்களுக்குத் தெரிந்தது. அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பிள்ளைகள் அவரை 'அகப்பட்டான்' என்றன. பெரியவர்கள் வயசுக்கு மரியாதை கொடுத்து 'அகப்பட்டார்' என்றார்கள்.

"இது தேவையா உங்களுக்கு?" என்றாள் மனைவி. வீட்டுப் பின்பக்க பால்கனியில் தையல் மெஷின் போட்டு மெத்தை உறை தைக்கிறவள். "நேத்து கடைக்காரர் என்கிட்ட கேட்கிறார், வீட்டுல புது சாமான் ஏதாச்சும் வந்துச்சான்னு."

"விளையாட்டுக்குக் கேட்டிருப்பார்."

"கல்லாவை இழுத்து மூடிட்டுத்தான் கேட்டார்."

ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டுக்குள் போய் வந்திருக்கிறார். ஒருவரும் அவரிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை, அதிகம் போனால், "எப்ப முடியும்?" இப்போதோ கீழ்வீட்டுக்காரர் புதுப் பூட்டு வாங்கினால் கொண்டுவந்து காட்டினார். பால்காரரை நம்பலாமா என்று எதிர்வீட்டு அம்மா யோசனை கேட்டார். அவரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சொல்வார்: "திருடன் நேரா பார்க்கமாட்டான்மா. தலை குனிஞ்சே இருக்கும். பின்னால திரும்பிப் பார்ப்பான். கை சட்டைப் பையிலேயே இருக்கும். இதெல்லாம் பழகினவங்களுக்குத்தான் தெரியும்."

எங்கே பழகினார்? இயக்குநர் சொல்லி இவர் நடித்தார். நடித்ததை ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்தார். பார்த்ததை உண்மையென்று நம்பினார். தானே கட்டிய சோளக்கொல்லைப் பொம்மையைப் பார்த்துத் தானே பயந்த கதை. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று எவரோ எப்போதோ சொல்லிவைத்தார்கள். நல்ல முகம் வாய்த்த எவராவதுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இப்படி இருக்கையில், ஒரு காலை மேல்மாடி வங்கி அதிகாரியின் மோட்டார் பைக்கைக் காணோம். உறை மட்டும் தரையில் கிடந்தது. எல்லோரும் கீழே கூடினார்கள். கூடியவர்கள் அதிகாரியைப் பார்க்கவில்லை, அகப்பட்டாரைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் தாடையைத் தடவினார். பெரிய டாக்டர் நாடி பார்ப்பதுபோல நிதானம்.

"காலையில தண்ணி கேன் போடற ஆளு வந்தான். நான் ரொம்ப நாளா கவனிக்கிறேன், அவன் முழியே சரியில்ல. குனிஞ்ச தலை நிமிர மாட்டான். அதுவும் எங்க மாடிக்கு வந்தா ஒரு கையால கேனைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால சட்டைப் பையைப் பொத்திக்கிறான். திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நல்லவனுக்கு எதுக்குங்க அந்தப் பார்வை?"

"நானும் நினைச்சேன்!" என்றார் கீழ்வீட்டுக்காரர். நினைத்தே இருக்கமாட்டார்.

சற்று நேரத்தில் கேன்காரர் அடுத்த நடைக்கு வந்தார். பைக்கைத் திருடியவன் அதே வீட்டுக்கு மறுபடி தண்ணீர் சுமந்துகொண்டு வருவானா என்று படித்தவர் படிக்காதவர் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிகாரி, கேன்காரரின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். தோளிலிருந்த கேன் விழுந்து உடைந்து, தண்ணீர் எல்லோர் செருப்பையும் நனைத்தது. "நான் இல்ல சார், நான் இல்ல சார்" என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறெதுவும் வரவில்லை. அதுவும் கீழே பார்த்துத்தான் சொன்னார்.

"பார்த்தீங்களா, நிமிர்றானா பாருங்க" என்றார் அகப்பட்டார்.

பைக் கிடைக்கவில்லை. போலீஸையும் யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர்க் கடைக்கு ஒரு போன் போனது. கேன்காரரின் வேலை போனது. ஓர் ஏழையைத் தண்டிக்க அதற்குமேல் நீதிமன்றம் எதற்கு?

அந்த வாரம் முடிவதற்குள் பைக் பழைய இடத்தில் நின்றது, உறை போட்டு மூடியபடி.

"பைக் வந்துடுச்சே, பார்த்தியா?" என்றார் மனைவியிடம்.

"வந்ததையே பார்த்தேன்." அவள் மெஷினை நிறுத்தவில்லை. "அதிகாரி வீட்டுல தங்கிப் படிக்கிறானே அவரோட அண்ணன் மகன், அவன்தான் பின்வாசல் வழியா தள்ளிக்கிட்டு வந்தான். டேங்கு நசுங்கியிருக்கு. பையனும் நொண்டறான். சொல்லாம எடுத்துக்கிட்டுப் போய் எங்கயோ இடிச்சிருக்கான்."

"அந்தப் பையனா? சேச்சே. எவ்வளவு லட்சணமா இருப்பான்!"

மெஷின் நின்றது.

"ஏங்க, அந்தக் கேன்காரரை நல்லா பார்த்தீங்களா? யார் மாதிரி இருந்தாரு?"

"யார் மாதிரி?"

"உங்க கூடப் பிறந்தவர்னு சொன்னா ஊரே நம்பும். அதே நிறம், அதே ஒல்லி, அதே தாடை. நாளைக்கு நீங்க சோபா தைக்கப் போற வீட்டுல ஒரு மோதிரம் காணாமப்போனா, அங்க உட்கார்ந்து முழியைப் பத்திப் பேச ஒருத்தர் இருக்கமாட்டாரா?"

அவர் எழுந்து முகம் கழுவப் போனார். கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார்.

மறுநாள் தண்ணீர்க் கடைக்குப் போய், "அந்த ஆள் மேல தப்பில்லைங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க அந்த ஞாயித்துக்கிழமை ஆளுல்ல? திருடனுக்குத் திருடன் சாட்சியா? பைக்குக்குச் சொந்தக்காரர் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே வேலையில வச்சுக்கறேன்."

அதிகாரியிடம் போனார். அதிகாரி கதவைப் பாதிதான் திறந்தார்.

"முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்குக் கிளறுறீங்க? பையன் வேலைக்கு மனு போட்டிருக்கான். பேர் கெட்டா எதிர்காலமே போயிடும்."

"கேன்காரருக்கும் பேர்னு ஒண்ணு இருக்கே சார்."

"அவனுக்கென்னங்க, இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு."

கதவு மூடிக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே எல்லாம் ஒரே கட்டடத்தில், படிக்கட்டு மட்டும் வேறு.

அடுத்த படப்பிடிப்பில் அவர் இயக்குநரிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். அதைப் படமாக எடுத்தால் ஊருக்கு உறைக்கும், கேன்காரருக்கும் விமோசனம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. இயக்குநர் துள்ளிக் குதித்தார்.

"பிரமாதம்ணே! வீட்டுக்குள்ளயே திருடன்! எடுத்துடுவோம். நீங்கதான் அந்தப் பையன்."

"நானா? அவன் சின்னப் பையன் சார். சிவப்பா, மூக்கும் முழியுமா, டையெல்லாம் கட்டிக்கிட்டு..."

"அதெல்லாம் எடுபடாது. அப்படி ஒருத்தனைத் திருடன்னு காட்டினா ஜனங்க நம்பமாட்டாங்க. பேசாம கேன்காரனையே திருடன்னு வச்சுக்குவோம். கதை சுத்தமா இருக்கும்."

"சார், நடந்தது அது இல்லையே. 'உண்மைச் சம்பவம்'னு எழுதிப் போடறீங்களே."

"சம்பவம் உண்மைதானே? பைக் காணாமப்போச்சுல்ல?"

அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்தைப் பார்த்தார். விளக்குகள், தட்டியில் செய்த சுவர், மூலையில் அவர் கையால் தைத்துக் கொடுத்த சோபா. அங்கே நிஜமென்று இருந்தது அந்தச் சோபா ஒன்றுதான்.

"ஜனங்க நம்பமாட்டாங்கன்னு சொல்றீங்க. ஆனா நீங்க காட்டறதைத்தானே சார் அவங்க நம்பறாங்க? நானே நம்பினேன். இதுல நடிக்கிறவன் நானே நம்பினேன்." திருடன் சட்டையைக் கழற்றி மடித்துச் சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிறு சாயங்காலம், எல்லா வீட்டிலும் நிகழ்ச்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மாடிப்படிக்குக் கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினார்: "பைக் திருடன் அகப்பட்டான்!"

கதவுகள் படபடவென்று திறந்தன. ஆணும் பெண்ணும் பிள்ளையுமாக இறங்கி வந்தார்கள். "எங்கண்ணே? எங்க?" என்றார் கீழ்வீட்டுக்காரர், கையில் ஒரு கட்டையோடு.

"பைக்கை எடுத்தது இவங்க வீட்டு அண்ணன் மகன்" என்று மேல்படியில் நின்ற அதிகாரியைக் காட்டினார். "கேன்காரர் இல்ல. நான் சொன்னது முழுப் பொய். எனக்குத் திருடனைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நான் சோபா தைக்கிறவன்."

எதிர்வீட்டு அம்மா, "அந்தத் தம்பியா? மூஞ்சியைப் பார்த்தா அப்படியா இருக்கு?" என்றார்.

"மூஞ்சியை விடுங்கக்கா, இதைப் பாருங்க" என்று அவர் மனைவி முன்னால் வந்து பைக் உறையைப் பிடித்து இழுத்தாள். நசுங்கிய டேங்க் எல்லோருக்கும் தெரிந்தது.

அதிகாரிக்கு முகம் செத்துவிட்டது. "என் வீட்டுப் பையன் என் வண்டியை எடுத்தா அதுக்குப் பேர் திருட்டா? எடுத்துக்கிட்டுப் போனான், அவ்வளவுதான்" என்றார்.

"சரிங்க சார், திருட்டே இல்லன்னு வச்சுக்குவோம்" என்றாள் அவள். "அப்ப திருட்டே நடக்காத வீட்டுல ஒருத்தரை எதுக்கு அடிச்சீங்க?"

கீழ்வீட்டுக்காரர் கையிலிருந்த கட்டையை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார். அதிகாரி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் போனை எடுத்துத் தண்ணீர்க் கடைக்குப் பேசினார், அவ்வளவுதான். அன்றைக்கு நிகழ்ச்சியின் தொடக்கத்தை எல்லோரும் தவறவிட்டார்கள். அதில் சிலருக்கு அவர்மேல் கோபம்.

சில நாள் கழித்துக் கேன்காரர் வந்தார். அகப்பட்டார் படியிலேயே காத்திருந்தார்.

"தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. உங்க முழியைப் பத்தி நான் பேசினது பெரிய தப்பு."

கேன்காரர் கேனைக் கீழே வைத்தார். கோபமா, கூச்சமா என்று தெரியாத முகம்.

"முழி சரியில்லாம இருந்தது நிஜம்தாண்ணே. ஆனா அது உங்களாலதான்."

"என்னாலயா?"

"நீங்க டிவியில வர்றவர்தானே? நாங்களும் குடும்பத்தோட பார்ப்போம். இந்த மாடியிலதான் இருக்கீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து எனக்குப் பயம். அன்னன்னைக்கு வசூலான பணம் பையில இருக்கும். அதான் கையால பொத்திக்குவேன். பின்னால வந்துடுவீங்களோன்னு திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்."

அகப்பட்டார், "இப்ப?" என்று கேட்டார்.

கேன்காரர் தன் கையைப் பார்த்தார். அது சட்டைப் பையின் மேலேயே இருந்தது. "பழகிப்போச்சுண்ணே. விடமாட்டேங்குது" என்றார்.

"விடவேண்டாம். நீங்க பையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. கேனை நான் தூக்கறேன்."

குனிந்து கேனைத் தூக்கித் தோளில் ஏற்றினார். நல்ல கனம். படியேறத் தொடங்கியபோது எதிர்வீட்டு அம்மா மேலேயிருந்து ஏதோ கேட்டார். நிமிர்ந்து பதில் சொல்லப் பார்த்தார், முடியவில்லை. கேன் கழுத்தை அழுத்திக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்தபடி, அடுத்த படி எங்கேயென்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்.