வேப்பம்பட்டில் மனுவில் சேர்ந்த ஒரு வரி

வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். கரண்ட் இல்லை. மாடியில் மட்டும் சோலார் தகடுகள் பளபளக்கின்றன.

மதியம் சென்னையில் சூரிய மின்சாரம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம். அடுத்த ரயிலைப் பிடித்தால்தான் என் மனுவைக் கொடுக்க முடியும். நான் இங்கே தங்கிப் படிப்பவள். தெற்கே எங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தைப் பெரிய சோலார் பண்ணைக்கு எடுக்காதீர்கள், நகரத்து மாடிகளில் போடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வீட்டில் மனு எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்.

"மேலே சோலார் இருக்கே, அக்கா?"

"லைன் போனா அதுவும் நின்னுடும்மா. ஓடுனாலும் அது ஊட்டு ஓனருக்குத்தான். வாடகைக்கு கீற எனக்கு இன்னா வருது?" கடைக்கார அக்கா சிரித்தபடி தன் மேசை விசிறியை அணைக்கிறார். "இன்வெர்ட்டர்ல கொஞ்சம் சார்ஜ் கீது. சின்ன பிரிண்டர் ஓடும், குடு."

வியர்வையைத் துடைத்துக்கொண்டே மனுவின் நான்கு பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துத் தருகிறார். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்டதால் படித்துக் காட்டுகிறேன்.

"படிச்ச பொண்ணு, மாடி இல்லாத ஜனத்த மறந்துட்டியே!"

உண்மைதான். அவர் பேனாவை வாங்கி, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அந்த மின்சாரத்தில் பங்கு வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி, கையெழுத்திடுகிறேன்.

"வண்டி வந்துட்ச்சி, ஓடு!"

ரயிலில் விசிறிக் காற்று முகத்தில் படுகிறது. அக்காவின் விசிறிக்குச் சார்ஜ் மீதி இருக்குமா என்று நினைத்துக்கொண்டே மனுவை மடியில் வைத்திருக்கிறேன்.