ஈயக்காரரும் சகலையின் சீப்பும்

பொறாமை கெட்ட குணம் என்று உபதேசம் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சகலை இருக்க மாட்டார். ஈயக்காரருக்கு இருந்தார். அதுவும் ஒரே ஆய்வகத்தில், ஒரே மாடியில், எதிர் அறையில்.

ஈயக்காரர் என்றதும் பழைய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பூசக் கிளம்பிவிடாதீர்கள். அவர் தொழில் பாறைக்கு வயது சொல்வது. பாறைக்குள் பொடிப்பொடியாகச் சில கனிமப் பருக்கைகள் இருக்கும். அவை பிறக்கும்போதே ஒரு பிடிவாதம் பிடிக்கும்: யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைப் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் உள்ளே போன யுரேனியம் சும்மா இருக்காது. கோடிக்கணக்கான வருடங்களில் மெல்ல மெல்ல அதுவே ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் பருக்கையின் வயது வந்துவிடும். "வயசை மறைக்கத் தெரியாதது கல் ஒண்ணுதான்" என்று ஈயக்காரர் அடிக்கடி சொல்வார். வரப்போவது சொன்ன வாய்க்கு அப்போது தெரியாது.

சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர், கனிமம் பார்க்கிறவர். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சில்லாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, எந்தக் கனிமம் எப்படிக் குளிர்ந்தது, எப்போது அடிபட்டது என்று படிப்பார். நல்ல மனிதர். அதுதான் ஈயக்காரரால் பொறுக்க முடியாத முதல் குற்றம். இரண்டாவது குற்றம் தலையில் இருந்தது.

"அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க. உங்களைவிட ரெண்டு வயசு மூத்தவர். ஒரு வெள்ளை முடி உண்டா?" என்பாள் மனைவி.

"மூளையை உபயோகிக்கிறவனுக்குத்தான் நரைக்கும்."

"அப்ப எங்கப்பா உலக மகா விஞ்ஞானி. அவருக்கு முப்பது வயசுலயே பஞ்சு மூட்டைதான்."

இந்த நிலைமையில்தான் செவ்வாய் கிரகத்துக் கல் வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு காலத்தில் செவ்வாயில் விழுந்த அடியில் தெறித்து, வெட்டவெளியில் அலைந்து, பூமியில் வந்து விழுந்த கல். இவர்கள் பங்குக்குக் கிடைத்தது கட்டைவிரல் அளவு. ஆய்வகத் தலைவி அதைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

சகலை ஒரு சில்லைப் பார்த்துவிட்டே வந்திருந்தார். "கல் இளசுங்க. எரிமலைக் குழம்பு உறைஞ்ச கல். படிகமெல்லாம் புத்தம் புதுசா இருக்கு. இருபது கோடி வருஷத்தைத் தாண்டாதுன்னு தோணுது" என்றார்.

"இது என்ன வெண்டைக்காயா சகலை, நுனியை ஒடிச்சுப் பார்த்து இளசு, முத்தல்னு சொல்ல?" என்றார் ஈயக்காரர்.

"நீங்க அளந்து சொல்லுங்க சகலை. நான் வேண்டாம்னா சொல்றேன்?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் தலைவி. "யார் சொல்ற வயசு கடைசியில நிக்குதோ, கட்டுரையில அவர் பேர் முதல்ல. மாநாட்டு மேடையில அவர்தான் பேசணும். இன்னொருத்தர் கீழ உக்காந்து கை தட்டலாம்."

கை தட்டுவது ஈயக்காரருக்குப் புதிதல்ல. சகலை வீடு கட்டியபோது தட்டினார், பரிசு வாங்கியபோது தட்டினார், சகலையின் பெண் முதல் மதிப்பெண் வாங்கியபோதும் தட்டினார். இனித் தட்டினால் கையில் சதை மிஞ்சாது. இந்தத் தடவை மேடை தனக்குத்தான் என்று முடிவு செய்தார். மேடை என்றால் புகைப்படம். புகைப்படம் என்றால் தலைமுடி.

கடைத்தெருவில் அவர் தேர்ந்தெடுத்த சாயம் மிகவும் நாசூக்கானது. தினம் காலையில் இரண்டு துளி தேய்த்தால் போதும், நாளாக நாளாகத் தானே கருக்கும், பக்கத்தில் படுப்பவருக்குக்கூடத் தெரியாது என்றார் கடைக்காரர். பக்கத்தில் படுப்பவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அட்டைப்பெட்டியைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, புட்டியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தார். அட்டையில் பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்பதைக் குப்பைத் தொட்டிதான் படித்தது.

முடி கருத்தது. ஈயக்காரருக்கு நடையே மாறியது.

அவர் வேலை செய்யும் சுத்த அறைக்குள் தூசிக்கே அனுமதி கிடையாது. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி, குல்லாய், இரட்டைக் கையுறை. அறைக்கு ஒரு கண்ணாடிக் கதவு. இருபது வருடமாக அதில் தன் முகம் தெரியும் என்பதையே கவனிக்காத மனிதர், இப்போது போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார். குல்லாய்க்கு வெளியே ஒரு கற்றை எட்டிப் பார்க்கும். கையுறை விரலால் அதைச் செல்லமாக உள்ளே தள்ளிவிட்டு, அதே விரலோடு போய்ப் பருக்கைகளை அமிலத்தில் கரைத்தார்.

வயது வந்தது: நானூறு கோடி வருடத்துக்கும் மேல். செவ்வாய் பிறந்து பால்பல்கூட விழாத காலத்துக் கல்!

தலைவி தாளை இரண்டு தடவை பார்த்தார். சகலை மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"சகலை, ஈயத்துல எடை வேற வேறயா நாலு ஐசோடோப்பு இருக்குன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க? அதுல எடை இருநூத்தி நாலு உள்ளது மட்டும் யுரேனியத்துலருந்து பிறக்காது. அது இங்க இவ்வளவு இருக்கே. வெளியிலருந்து வந்த ஈயமா இருக்குமோ?"

"அது கல்லோட பூர்வீகச் சொத்து. செவ்வாயிலருந்தே வந்தது. அதைக் கழிச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கேன்."

"வெறும் கிண்ணம் ஓட்டினீங்களா?"

வெறும் கிண்ணம் என்பது கல்லே போடாமல், அமிலம் முதல் அளவு வரை எல்லாப் படியையும் அப்படியே செய்து பார்ப்பது. அதில் தெரியும் ஈயம் அறையின் அழுக்கு. ஈயக்காரர் ஓட்டியிருந்தார். ஆனால் கல் வருவதற்கு முன்னால், தலை வெளுத்திருந்த காலத்தில். மேடைக்குப் போகும் அவசரத்தில் பழைய எண்ணையே வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்.

"வேணும்னா மறுபடி ஓட்டுறேன். உங்க திருப்திக்கு" என்றார் பெருந்தன்மையோடு.

ஓட்டினார். வெறும் கிண்ணம் நிறைய ஈயம்.

ஈயக்காரரின் மூளை நிமிடத்தில் வேலை செய்தது. இது சதி. இத்தனை கேள்வி கேட்டவன் எவன்? எதிர் அறையில் இருப்பவன் எவன்? விஞ்ஞானி சும்மா பழி சொல்லக்கூடாது, சான்று வேண்டும். நல்லவேளை, ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்திலும் ஐசோடோப்புகளின் விகிதம் ஒரு மாதிரி இருக்கும், கைரேகை போல. கிண்ணத்து ஈயத்தின் ரேகை கையில் இருக்கிறது. இனி சகலையின் பொருள்களில் எது அதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும்.

சகலை தேநீர் குடிக்கப் போன நேரத்தில் எதிர் அறைக்குள் புகுந்து கோப்பை, அங்கியின் பொத்தான், மேசை இழுப்பறையில் இருந்த சீப்பு மூன்றையும் கைப்பற்றினார். ஆய்வு முறை தவறக்கூடாதல்லவா? ஒப்பிட்டுப் பார்க்கக் குற்றமற்ற பொருள்களும் வேண்டும். எனவே சந்தேகக் கோப்பைக்கு எதிரே தன் கோப்பை, பொத்தானுக்கு எதிரே தன் பொத்தான், சீப்புக்கு எதிரே தன் சீப்பு. ஆறையும் தனித்தனியே அமிலத்தில் கழுவி இயந்திரத்தில் ஏற்றினார்.

கோப்பைகள் சுத்தம். பொத்தான்கள் சுத்தம். சகலையின் சீப்பில் ஈயம் தேடினாலும் கிடைக்கவில்லை. அந்த முடி கருப்பு, பிறந்த கருப்பு. வேண்டாத நேரத்தில் அறிவியல் அதையும் நிரூபித்து வைத்தது.

குற்றமற்ற சீப்பை ஏற்றியபோது எண்கள் திரையில் ஓடித் தள்ளின. ரேகை அப்படியே பொருந்தியது. ஈயக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாயத்தில் ஈயம். முடிக் கற்றையைத் தள்ளிவிட்டு வந்த விரலில் ஈயம். பூமி ஈயத்தின் விகிதம் வேறு, செவ்வாய் ஈயத்தின் விகிதம் வேறு; இதை அது என்று கழித்ததில் மிஞ்சியதெல்லாம் யுரேனியம் பெற்ற ஈயமாகக் கணக்கில் ஏறி, கல் கிழடாகியிருக்கிறது. அவர் தலையில் பத்து வயதைக் குறைத்த அதே புட்டி, கல்லின் தலையில் நானூறு கோடியை ஏற்றிவிட்டது.

அறையில் வேறு யாரும் இல்லை. சீப்பின் எண்ணையும் கிண்ணத்தின் எண்ணையும் அழித்துவிட்டால் கேட்க நாதியில்லை. மேடை, புகைப்படம், முதல் பெயர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அழிக்கும் பொத்தான்மேல் விரல் வெகுநேரம் நின்றது. நேர்மை வந்து தடுத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் தடுத்தது வேறு: நாளைக்கே எவனாவது ஒரு பொடியன் இந்தக் கல்லை அளந்து இளசு என்பான். அப்போது சகலை, "பரவாயில்லை சகலை" என்று முதுகில் தட்டுவார். அந்தத் தட்டலை நினைத்ததும் ஈயக்காரர் விரலை எடுத்துவிட்டார்.

மறுநாள் கூட்டத்துக்கு மழுங்கச் சிரைத்த தலையோடு வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் தலைவி.

"கிண்ணத்துல இருந்த ஈயம் என் தலையிலருந்து வந்தது. சாயம் போட்டிருந்தேன். கல்லை மறுபடி அளக்கணும்."

தலைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சகலை சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பரவாயில்லை சகலை" என்றார், முதுகில் தட்டி. "ஆமா, என் சீப்பைப் பார்த்தீங்களா?"

மறு அளவில் கல்லுக்கு வயது பதினேழு கோடி. சகலை மேடையில் பேசினார். "இந்த வயசை அளந்தவர் என் சகலை" என்று கை காட்டினார். அரங்கம் திரும்பிப் பார்த்தது, விளக்கொளி மொட்டைத் தலைமேல் பட்டுத் தெறித்தது. ஈயக்காரர் கை தட்டினார்.

பத்திரிகையில் வந்த படத்தை மனைவி மேசைமேல் விரித்தாள். கருகருவென்ற முடியோடு சகலை, உள்ளங்கையில் கல்.

"ஏங்க, இந்தக் கல்லுக்கு நானூறு கோடி வயசுன்னீங்க. இப்ப பதினேழுங்கறாங்க. அது என்ன தேய்ச்சுதாம்?"

ஈயக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். சகலையை அல்ல, கல்லை. பிறகு தன் தலையைத் தடவினார். முள்முள்ளாக முளைத்திருந்தது. கண்ணாடியில் போய்ப் பார்க்கத் தேவையில்லை, அத்தனையும் வெள்ளை.