கியர் பெட்டிக்குள் ஒரு நண்டு

எங்கள் வேனின் கியர் பெட்டியைக் கடித்துக் கெடுத்தது ஒரு நண்டு என்றும், அந்த நண்டை உள்ளே அனுப்பியவன் நான்தான் என்றும் ஒன்பது வயதில் மனதார நம்பினேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

பழவேற்காடு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் எங்கள் நைனா, படகில் தனக்கிருந்த பங்கை மாமாவிடம் விட்டுவிட்டு ஒரு பழைய வேனை வாங்கி வந்திருந்தார். ஊரில் பிடிபடும் இறாலையும் நண்டையும் ஐஸ் போட்டுப் பொன்னேரிக்கு ஏற்றிப் போவதாகத் திட்டம். அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "தண்ணியில பொறந்த மனுசன் தார் ரோட்டுல இன்னா கிழிக்கப் போறாரு?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். வேன் நின்றுபோனால் நைனா மறுபடி மாமாவின் படகில் கூலிக்குப் போக வேண்டும். அதைவிட, அம்மாவின் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நின்றிருந்த வேனில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கூடையில் கயிற்றால் கட்டிய பெரிய களி நண்டு ஒன்று இருந்தது, எங்கள் வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்கியது. கண்டக்டர் இல்லாமல் எப்படி வண்டி ஓட்டுவது? கட்டை அவிழ்த்து அதைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தினேன். கண்டக்டர் முதல் வேலையாக என் விரலைப் பிடித்தார். நான் உதறிய உதறலில் கியர் கம்பியின் காலடியில் போய் விழுந்தார். அங்கே ரப்பர் கிழிந்து ஓர் ஓட்டை. அதற்குள் இறங்கியவர் திரும்பி வரவில்லை. நண்டைக் காணோமென்று அம்மா பூனையைத் திட்டினாள். நான் பூனைக்காகப் பரிந்து பேசவில்லை.

மறுநாள் காலை நைனா வண்டியைக் கிளப்பி முதல் கியரைப் போட்டார். கரக்கரக்கென்று ஒரு சத்தம். ரிவர்ஸ் போட்டார். அது இன்னும் மோசம்.

"இன்னாடா இது, பல்ல நறநறன்னு கடிக்குது?" என்றார் நைனா.

யார் கடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் லீவு, நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்டேன்.

வண்டியை அழ அழ ஓட்டிப் பொன்னேரிப் பக்கம் ஒரு ஷெட்டில் நிறுத்தினார். அங்கிருந்த மெக்கானிக் ஒரே ஒரு கரக்கைக் கேட்டார். பெடலைத் தொடக்கூட இல்லை.

"கியர் பாக்ஸ் போச்சு தலைவரே. பல்லெல்லாம் தேஞ்சிருக்கும். வண்டிய வுட்டுட்டுப் போ, பத்து நாள் ஆவும். தொறந்தா தெரிஞ்சிடும் இன்னா நடந்துச்சுன்னு."

திறந்தால் தெரிந்துவிடும்! அவர் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் நுழைந்ததும், பெட்டிக்குள்ளிருந்து நண்டு கையை நீட்டி என்னைக் காட்டிக்கொடுப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஊளையிட ஆரம்பித்தேன்.

"வேணாம் நைனா! தொறக்க வேணாம்! இந்த ஆளு வேணாம்!"

"நான் இன்னா பையனுக்கு ஊசியா போடறேன்?" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

நைனா என்னைப் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தார். "பையன் ஒரு மாதிரி பண்றான், அப்பறமா வரேன்" என்று சொல்லி, மெக்கானிக் வெளியே வந்ததும் வண்டியை எடுத்துவிட்டார். குச்சி ஐஸுக்கு அரை நாள் அழுதாலும் அசையாத மனிதர் அவர்.

வழியில் டீக்கடையில் நின்றபோது ஐஸ் லாரிக்காரர் ஒருவர், பழவேற்காடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் பாயிடம் போகச் சொன்னார். "அவரு மொதல்ல கேள்வி கேப்பாரு, அப்பறம்தான் ஸ்பேனர எடுப்பாரு."

அப்படித்தான் இருந்தார் பாய். "எஞ்சின் ஆஃப்ல இருக்கசொல்ல கியர் வுழுதா தம்பி?" என்று நைனாவைக் கேட்டார். நைனாவுக்குத் தெரியவில்லை. பாயே உட்கார்ந்து எஞ்சினை நிறுத்திவிட்டு மாற்றிப் பார்த்தார். எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுந்தன. நண்டு தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். எஞ்சினை ஓடவிட்டு மாற்றினார். கரக்! எழுந்துகொண்டது.

பிறகு எஞ்சினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, கிளட்சை அடிவரை மிதித்தபடியே சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு சாண் முன்னால் துள்ளியது.

"பாத்தியா? ஃபுல்லா மிதிச்சிருக்கேன், அப்பவும் வண்டி போவுது. கிளட்ச் வுட மாட்டேங்குது. பெட்டி நல்லாத்தான் கீது. அத எவனும் தொட வேணாம்."

அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

பெடலுக்கு அந்தப் பக்கம் கைவிட்டுக் கிளட்ச் கேபிளை உருவினார். செக்கச்செவேலென்று துரு. கம்பி இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து, மிச்சம் இழுபட்டு நீண்டுபோயிருந்தன. புதுக் கேபிளை மாட்டிய பின் பழையதை நைனா கையில் கொடுத்தார். "எத மாத்துனேன்னு நீயே பாத்துக்கோ."

முதல் கியர் விழுந்த சத்தமே கேட்கவில்லை. நைனா தேவையே இல்லாமல் நாலைந்து தடவை ரிவர்ஸ் போட்டார். சட்டை முழுக்க வியர்வை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கேட்காமலே குச்சி ஐஸ் வாங்கித் தந்தார். வீட்டில் அம்மாவிடம், "ஒம் பையன் ஆளப் பாத்த ஒடனே சரியில்லன்னு கண்டுபுடிச்சிட்டான்" என்றார். அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை.

வெகுகாலம் கழித்து, அம்மா வீட்டில் இல்லாத ஒரு மதியம் நைனா தானாகச் சொன்னார். அப்போது அவர் ஓட்டப் பழகியே மூன்று வாரம்தானாம். சத்தம் வருவதற்கு முதல்நாள், வண்டி முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸைப் போட்டிருக்கிறார். டமாரென்று ஒரு சத்தம். பல்லை உடைத்தது தான்தான், பெட்டியைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு, நான் போட்ட கூச்சல் நல்ல சாக்காகிவிட்டது. நண்டு விஷயத்தை நான் அப்போதும் சொல்லவில்லை.

கியர் பெட்டி நாலு பக்கமும் மூடியது; அதற்குள் ஓர் எறும்புகூட நுழைய முடியாது. ரப்பர் ஓட்டை நேரே தரைக்குத் திறக்கிறது. நண்டு மணலில் விழுந்து ஏரிப்பக்கம் போயிருக்கிறது. நைனாவின் ரிவர்ஸாலும் எதுவும் உடையவில்லை. உப்புக்காற்றில் ஒரு கேபிள் துருப்பிடித்தது.