ஏறாதேங்கோ

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு, ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் வேலை செய்த ஒரு தாதி வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, தட்டைச் சப்பாத்து. எத்தனை தரம் கதிரை கொடுத்தாலும் உட்காரவே மாட்டார். வன்னிக் கிராமங்களிலிருந்து புதிதாய் வந்த பதின்வயதுப் பிள்ளைகளிடம், குடியையும் அதனால் வரும் காயங்களையும் பற்றி ஒளிவில்லாமல் பேசினார். குடிவெறியில் மயங்கியவனை எப்படிச் சரித்துப் படுக்கவைப்பது என்று செய்து காட்டினார்.

பள்ளித் தலைவர் குறுக்கிட்டார். "போதும் தங்கச்சி. எங்கட பிள்ளையள் குடிக்கிறேல்லை."

"அப்ப நான் ஆருடைய பிள்ளையளுக்குக் காயம் கட்டுறன், அண்ணை?"

என் மகள் கையை உயர்த்தினாள். "மிஸ், அப்பாவே குடிச்சிட்டுக் கார் ஓடினா?"

பின்வரிசையில் இருந்த பெற்றோர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

"ஏறாதேங்கோ," என்றார் தாதி. "ஆர் கூப்பிட்டாலும் ஏறாதேங்கோ."

அடுத்த மாதம் ஸ்ட்ரெதமில் ஒரு கலியாணம். முடிந்து வெளியே வந்ததும் மகள் காருக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, நீங்கள் குடிச்சிருக்கிறியள். நான் ஏறமாட்டன்."

கணவர் கத்தினார். சனம் பார்த்தது. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தேன். பஸ் வந்தபோது அவரும் பின்னால் ஏறினார்.

அந்தத் தாதியை இனிக் கூப்பிடுவதில்லை என்று தலைவர் முடிவெடுத்தார். கூப்பிடத்தான் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் நான் சண்டை பிடித்தேன். ஒரேயொரு நாள் கண்ட, பெயர்கூடத் தெரியாத ஒரு மனிசிக்காக அப்படி நின்றது எனக்கே இன்றுவரை ஆச்சரியம்தான்.