கேணிக்கு மேலே மச்சான்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கமரா வாங்கிய புதிதில் நான் தவறான கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கமராவில் வைத்த கண்ணை இறுக்கி மூடிவிட்டு, சும்மா இருந்த கண்ணால் உலகத்தைப் பார்த்துப் படமெடுத்தேன். தலையில்லாத மாடுகளும், பாதி முகத்தோடு என் மனைவியும் நிறையவே அகப்பட்டார்கள். இது ஒரு புதுப் பாணி என்று சொல்லிச் சமாளித்தேன். மனைவி நம்பவில்லை. மாடு ஒன்றும் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில், நாற்பது வயதைத் தாண்டிய எனக்குக் கலியாணப் படம் எடுக்கும் ஆசை பிடித்தது. சுன்னாகத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போய் நின்றேன். என்னைவிட நன்றாக இளையவர். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமைக் கலியாணம் ஒன்றுக்கு அவருக்கு இரண்டாவது கமராவுக்கு ஆள் தேவைப்பட்டது. என் மாடுகளைப் பொறுமையாகப் பார்த்தார்.

"அண்ணை, நிண்ட மாட்டையே தவற விட்டிருக்கிறியள். அசையிற ஒண்டை அந்தரத்திலை நிக்கிற மாதிரித் தெளிவா எடுத்துக்கொண்டு வாங்கோ. பிறகு கலியாணத்தைக் கதைப்பம்."

அசைகிற ஒன்று என்றதும் மச்சான்தான் நினைவுக்கு வந்தான். மனைவியின் தம்பி. சோற்றுக்கு முன்னால் தவிர வேறெங்கும் ஓர் இடத்தில் இருக்கமாட்டான். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே கீரிமலைக் கேணிக்குப் போனேன்.

"ரெண்டு தரம்தான் குதிப்பன், அத்தான்" என்று சாரத்தை மடித்து இறுக்கிக் கட்டினான்.

முதல் குதிப்புக்குப் படத்தில் வெறும் வானம் விழுந்தது. அடுத்ததற்கு வெறும் தண்ணீர். அதற்கடுத்ததில் ஒரு பெருவிரல் மட்டும் தெளிவாக இருந்தது. "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கெஞ்சினேன். அவன் கண் சிவக்கச் சிவக்க ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தான். பக்கத்துக் கோயிலுக்கு வந்த ஒரு பெரியவர் கரையில் நின்று பார்த்துவிட்டுப் பக்தியோடு கேட்டார்:

"தம்பி, உது ஏதும் நேர்த்திக்கடனோ?"

"இல்லை ஐயா. அக்காவை உந்த மனுசனுக்குக் கட்டிக்குடுத்த பாவத்தைக் கழுவுறன்."

வேறு வழியில்லாமல் ஸ்ரூடியோவுக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, ஷட்டர் வேகத்தைக் கூட்டித்தான் வைச்சிருக்கிறன். ஆள் விழுதில்லை."

"அவர் பறக்கிறது உங்களுக்குத் தெரியுதோ?"

"வடிவாத் தெரியுது!"

"அதுதான் பிழை. உங்கடை கமராவிலை படம் விழேக்கை உள்ளுக்கை கண்ணாடி எழும்பி, கண்ணுக்கு இருட்டும். நீங்கள் வடிவாக் கண்டால் கமரா காணேல்லை எண்டு அர்த்தம். அவர் முழங்காலை மடிக்கேக்கையே பட்டனை அமத்துங்கோ."

எனக்குப் புல்லரித்துவிட்டது. தெருவில் இரண்டு பேர் சண்டை பிடித்தாலும் சைக்கிளை நிறுத்திவிட்டு முடியும்வரை பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன், நல்ல கட்டம் வரும்போது இருட்டைப் பார்க்கவேண்டுமாம்! அதற்குத்தான் இவ்வளவு பெரிய கமராவாம்!

மச்சான் கடைசித் தரம் என்று சத்தியம் பண்ணி ஏறினான். முழங்கால் மடிந்தது. அமத்தினேன். இருட்டு. பிறகு தொம்மென்ற சத்தம் மட்டும் கேட்டது.

திரையைப் பார்த்தேன். மச்சான் கேணிக்கு மேலே, காற்றில், அப்படியே நிற்கிறான்! சாரம் குடை மாதிரி விரிந்திருக்கிறது. தலைமயிரிலிருந்து தெறித்த துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் பெரியவர் வாயைப் பிளந்தபடி. "விழுந்திட்டான், விழுந்திட்டான்!" என்று நான் துள்ளிய துள்ளலில் கமராவோடு கேணிக்குள் போயிருப்பேன். பெரியவர்தான் ஓடிவந்து என் சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தார்.

ஈரச் சாரத்தோடு மச்சானைப் பின்னால் இருத்திக்கொண்டு சுன்னாகத்துக்குப் பறந்தேன். ஸ்ரூடியோத் தங்கச்சி படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

"நல்லா விழுந்திருக்கு. எத்தினை தரம் குதிச்சவர்?"

"எண்ணேல்லை, தங்கச்சி. ஆள் ஊறிப்போனான். நாளைக்கு நான் வரலாமோ?"

"வாங்கோ, ஆனா மாப்பிள்ளை ஒருக்காத்தான் தாலி கட்டுவார்."